அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயதில் பக்கவாதம் வந்தது, இடது கை இன்னும் சரியாகவில்லை. பெரியப்பாவுக்கும் வந்திருக்கிறது. எனக்கு 39. போன மாதம் பி.பி. 148/94 காட்டியது, டென்ஷன்தான் என்று விட்டுவிட்டேன். தலையை ஸ்கேன் பண்ணிப் பார்க்கட்டுமா? தினமும் ஒரு ஆஸ்பிரின் போடலாமா?

பதில்: அந்த 148/94-ஐ ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள், எனக்கு அங்கேதான் கண் நின்றது.

பெற்றோரில் ஒருவருக்கு 65 வயதுக்குள் பக்கவாதம் வந்திருந்தால் பிள்ளைகளுக்கு அபாயம் கூடும் என்பது உண்மைதான். அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வில் 2010-இல் அதை ஏறக்குறைய மூன்று மடங்கு என்று கணக்கிட்டார்கள். பயந்துவிடாதீர்கள், உங்கள் வயதில் அந்த அபாயமே சிறியது, சிறியதன் மூன்று மடங்குதான் இது. அதோடு பக்கவாதம் சொத்து மாதிரி அப்படியே கைமாறுவதில்லை. பெரும்பாலும் கைமாறுவது பி.பி., சுகர், கொழுப்பு ஏறும் உடல்வாகு, கூடவே வீட்டுப் பழக்கங்கள். அதில் பி.பி. உங்கள் கதவை ஏற்கெனவே தட்டிவிட்டது.

ஒரு வாரம் வீட்டிலேயே காலையும் மாலையும் அளந்து எழுதிவையுங்கள். அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி, சிகரெட் வேண்டாம், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால் இரண்டும் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. சராசரி 135/85-க்கு மேலே இருந்தால் டென்ஷன்மேல் பழி போடாமல் டாக்டரிடம் போங்கள்.

போகும்போது அப்பாவின் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். வந்தது அடைப்பா, ரத்தக்கசிவா, இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கும். பெற்றோர், உடன்பிறந்தவர்களில் இரண்டு பேருக்கு மூளை ரத்தக்குழாய் வீங்கி வெடித்திருந்தால் ஸ்கேனுக்கு அர்த்தம் உண்டு, இல்லாவிட்டால் பெரும்பாலும் வீண் செலவு. ஆஸ்பிரினை நீங்களாக ஆரம்பிக்கவே வேண்டாம், அது ரத்தக்கசிவைக் கூட்டும்.

ஒன்று மட்டும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, பத்து நிமிடத்தில் தானாகச் சரியானாலும்கூட, உடனே ஆஸ்பத்திரி. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதனால் “கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?” என்று அங்கே கட்டாயம் கேட்பார்கள்.