பதில்: மூணு லட்சம், டெக்னாலஜி ஃபண்டா டிவிடெண்ட் ஃபண்டா?

கோத்தகிரி நண்பரே, தேயிலை வித்துச் சேர்த்த மூணு லட்சம், பொண்ணு காலேஜுக்கு நாலு வருஷத்துல வேணும், அதுவரை டெக்னாலஜி மியூச்சுவல் ஃபண்ட்ல போடவா, டிவிடெண்ட் ஃபண்ட்ல போடவான்னு எழுதியிருக்கீங்க. நானும் குன்னூர்ப் பக்கம் சின்னத் தோட்டக்காரன்தான்.

டெக்னாலஜி ஃபண்ட், பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியோட விதிப்படி, குறைஞ்சது 80 சதவீதத்தை அந்தத் துறையிலயே வெச்சிருக்கணும். துறை சரிஞ்சா மேனேஜர் நினைச்சாலும் ஒதுங்க முடியாது. 2022-ல ஐடி பங்குகளோட குறியீடான நிஃப்டி ஐடி கால்வாசி இறங்குச்சு. பச்சைத் தேயிலை விலையை நம்பிக் கிடக்கிற நமக்கு இன்னொரு ஒத்தைப் பயிர் எதுக்கு?

டிவிடெண்ட் ஃபண்ட்னா மாசாமாசம் பணம் வரும்னு நினைச்சிருக்கீங்க. அப்படி இல்லை. நல்ல டிவிடெண்ட் தர்ற கம்பெனிப் பங்குகளை வாங்கும், அவ்வளவுதான். கோல் இந்தியா, ஐடிசி மாதிரி. டிசிஎஸ், இன்ஃபோசிஸும் பலதுல இருக்கும், அதனால ஐடி கொஞ்சம் தானாவே வந்துடும். பணம் கையில தர்ற ஆப்ஷன் எடுத்தா, அந்தத் தொகை உங்க ஃபண்டோட ஒரு யூனிட் மதிப்பான என்ஏவி-லேர்ந்தே கழியும். 2020 ஏப்ரல்லேர்ந்து அது உங்க வருமானமாச் சேர்ந்து வரிக்கும் உட்படும். அதனால பணத்தை ஃபண்டுக்குள்ளயே விட்டு வைக்கிற குரோத் ஆப்ஷன் எடுங்க.

ரெண்டுல ஒண்ணுன்னா டிவிடெண்டுதான். ஆனா அதுவும் பங்குதான், விழும். ரெண்டு லட்சத்தை போஸ்ட் ஆபீஸ் மூணு வருஷ டெபாசிட்ல போட்டுட்டு, மிச்சத்தை மட்டும் ஃபண்டுக்குக் கொடுங்க. செடியை வெட்டி விடுற கவாத்து எந்த வருஷம் வருது? இலை இல்லாத அந்த மாசங்களுக்குக் கைக்காசு தனியா வெச்சிருக்கீங்களா?