பட்டியலில் எங்கள் வள்ளுவர்

அன்புள்ள அக்கா,

நான்கு வருடமாக பெங்களூரில் வேலை. போன வாரம் மதியச் சாப்பாட்டின்போது 1999 காந்தஹார் விமானக் கடத்தல் பற்றிப் பேச்சு வந்தது. மூன்று தீவிரவாதிகளை விட்டது பெரிய தவறு, சில உயிர்கள் போயிருந்தாலும் அரசு பணிந்திருக்கக் கூடாது, இஸ்ரேல் பேசவே பேசாது என்றேன். நண்பர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். பிணைக்கைதிகளை மீட்க அரசு ஆயுதக்காரர்களோடு பேரம் பேசலாமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கே., மாரத்தஹள்ளி

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலைதான் அல்சூர் ஏரிப் பக்கம் நடந்துவிட்டு, வள்ளுவர் சிலை முன்னால் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். அதனால்தான் உடனே பதில். இல்லாவிட்டால் சாப்பாட்டு மேசைச் சண்டைக்கெல்லாம் நான் தீர்ப்பு சொல்லப் போவதில்லை.

இஸ்ரேலை முதலில் முடித்துவிடுவோம். 2011இல் கிலாத் ஷாலித் என்ற ஒரே ஒரு சிப்பாய்க்காக 1,027 கைதிகளை விட ஒப்புக்கொண்ட நாடு அது. பேசவே பேசாது என்று யார் சொன்னது உங்களுக்கு?

காந்தஹாரில் விட்ட மூவரில் மசூத் அசார் வெளியே போன சூட்டோடு ஜெய்ஷ் இ முகமது என்ற தீவிரவாத அமைப்பைத் தொடங்கினார். கொடுத்த விலை பெரிது, மறுக்கவில்லை. ஆனால் 'சில உயிர்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, யார் அந்தச் சிலர்? விமானத்தில் இருந்தவர்கள் நூற்றைம்பதுக்கும் மேல். அதில் ரூபின் கட்யால் என்ற இளைஞரை, தேனிலவு முடிந்து மனைவியோடு திரும்பிக்கொண்டிருந்தவரை, ஏற்கெனவே குத்திக் கொன்றிருந்தார்கள். சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே மிச்சப் பேரையும் கணக்கிலிருந்து கழிப்பது சுலபம் தம்பி. நீங்கள் கெட்டவர் இல்லை, கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. வாய் கொஞ்சம் முந்திக்கொள்கிறது, அவ்வளவுதான்.

சரி, பெங்களூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்விக்குக் காந்தஹார் வரை எதற்குப் போனீர்கள்? இந்த ஊர் 108 நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த கதை உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குமா தெரியாது?

2000 ஜூலை 30 இரவு, தாளவாடி பக்கம் தொட்டகாஜனூர் பண்ணை வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் காட்டுக்குள் கூட்டிப்போனான். கூடவே இன்னும் மூன்று பேரை. அந்த மூவரை அப்போதே யாரும் சரியாக நினைக்கவில்லை. மறுநாள் ஊர் மூடிக்கொண்டது. கடை இல்லை, பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. எங்கள் தெரு தையல்கடைக்காரர் ஏணி போட்டு ஏறி, பலகையில் இருந்த தமிழ் எழுத்துகளின் மேல் நீலப் பெயிண்டை அடித்தார். கடைப் பெயரே போய்விட்டது, அடித்த நீலம்தான் மிச்சம். பஸ்ஸில் போகும்போது வாயைத் திறக்காதே என்று பையனிடம் சொல்லிவைத்தேன். அம்மா, அப்பா என்று மட்டும் கூப்பிடலாம், கன்னடத்திலும் அதேதான் என்று அவனே கண்டுபிடித்தான். ஆறு வயது.

என் அப்பாவின் பாடு இதைவிட மோசம். வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்து, ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் ஓட்டிய மனிதர். ராஜ்குமார் படம் எதையும் முதல் வாரத்தில் விடமாட்டார். கன்னடத்தில் மரியாதையாக அண்ணாவரு என்றுதான் சொல்வார், பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை. தெருமுனையில் ரசிகர்கள் படத்துக்கு மாலை போட்டு பஜனை வைத்தார்கள். அப்பாவும் போய் உட்கார ஆசைப்பட்டார். ஆனால் அவர் கன்னடத்தில் தமிழ் வாடை அடிக்கும். வீட்டுக்குள்ளேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதார். அண்ணாவருக்காக அழுதாரா, தமக்காகவா, தெரியவில்லை.

அப்புறம் கோரிக்கைப் பட்டியல் பத்திரிகையில் வந்தது. காவிரி இடைக்காலத் தீர்ப்பு, கர்நாடகத்தில் தமிழ் இரண்டாவது நிர்வாக மொழி, 1991 காவிரிக் கலவரத்தில் பாதிக்கப்பட்ட தமிழர்களுக்கு நஷ்டஈடு, நீலகிரித் தேயிலைக்கு விலை, தடா கைதிகள் விடுதலை. நடுவில் ஒன்று: பெங்களூர் திருவள்ளுவர் சிலையைத் திறக்க வேண்டும்.

அந்தச் சிலை, கன்னட அமைப்புகள் எதிர்த்ததால், 1991இலிருந்து ஏரிப் பக்கம் மூடிக் கிடந்தது. தமிழ்ச் சங்கத்து ஆட்கள் அலைந்தார்கள், மனு கொடுத்தார்கள். அப்பா தம் பங்குக்கு வருடா வருடம் பொங்கலுக்கு முன்னால் முதலமைச்சருக்கு ஒரு கார்டு போடுவார். கன்னடத்தில்தான் எழுதுவார், பக்கத்து வீட்டு ஆசிரியரிடம் காட்டிப் பிழை திருத்திக்கொண்டு. ஒன்பது கார்டு போயிருக்கும். ஒன்றுக்கும் பதில் இல்லை. பட்டியலைப் படித்தவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "கெடுத்தான் பாவி" என்றார்.

கெடுத்தான்தான். அதுவரை வள்ளுவர் எங்கள் ஆசை. அதன்பிறகு கடத்தல்காரன் கேட்ட கூலி. ரேஷன் கடை வரிசையில் ஒரு அம்மாள், தினமும் பார்க்கிறவர்தான், என்னிடம் "நிம்ம வீரப்பன் ஏனந்தானே?" என்றார். உங்கள் வீரப்பன் என்ன சொல்கிறான் என்று. கோபம்கூட இல்லை அந்தக் குரலில், அதுதான் தாங்கவில்லை. எப்போது அவன் எங்கள் ஆளானான்? நாங்கள் கார்டு போட்டுக் கேட்டதை அவன் துப்பாக்கியை வைத்துக் கேட்ட அன்று. அப்பா அதோடு கார்டு எழுதுவதை விட்டுவிட்டார்.

தடா கைதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். வீரப்பனுக்கு உதவியதாகப் பிடித்து மைசூர்ச் சிறையில் அடைத்திருந்தவர்கள், பலரும் காட்டோர ஏழைகள். தடா என்ற அந்தப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமே 1995இல் காலாவதியாகிவிட்டது, இவர்கள் வழக்கு மட்டும் வருடக்கணக்கில் முடியவில்லை. ராஜ்குமாரைக் கடத்தியதும் அரசு அவசர அவசரமாக தடா குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெறக் கிளம்பியது. வீரப்பன் கொன்ற ஒரு சப் இன்ஸ்பெக்டரின் தந்தை உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நவம்பர் 7ஆம் தேதி நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது. அந்தக் கிழவர் பக்கமும் நியாயம் இருந்தது. கைதிகள் வெளியே வராமலேயே நவம்பர் 15இல் ராஜ்குமார் திரும்பினார். அப்புறம் 2001இல் வழக்கு முடிந்தபோது அவர்களில் பெரும்பாலோர் குற்றம் நிரூபணமாகாமல் விடுதலை! இதை 1996இலேயே முடித்திருந்தால் வீரப்பன் கையில் அந்தச் சீட்டு இருந்திருக்குமா? எடுத்துக் கொடுத்தது யார்? மனு போடுகிறவனிடம் பத்து வருடம் வாய் திறக்காத அரசு, துப்பாக்கிக்காரனிடம் பேசலாமா கூடாதா என்று மேசை போட்டு யோசிக்கிறது. நீங்களும் அங்கிருந்துதான் கேள்வியை ஆரம்பிக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

உங்கள் கேள்வியை மறந்துவிடவில்லை. பேசலாம். ஆள் உயிரோடு வர வேண்டுமானால் பிசாசோடும் பேசத்தான் வேண்டும். பேசினால் மறுபடி கடத்துவான் என்பீர்கள். கடத்தினான். 2002 ஆகஸ்டில் முன்னாள் அமைச்சர் நாகப்பாவைக் கொண்டுபோனான், டிசம்பரில் உடல்தான் கிடைத்தது. முதலில் பேசியதால் இது நடந்தது என்று ஒரு சாரார், இரண்டாவது முறை ஒழுங்காகப் பேசாததால் என்று இன்னொரு சாரார். எனக்கு இரண்டிலும் முழு நம்பிக்கை இல்லை. 2004இல் வீரப்பனைச் சுட்டுக் கொன்றார்கள். சிலை அப்போதும் மூடித்தான் கிடந்தது.

கடைசியில் அதைத் திறந்தது 2009 ஆகஸ்ட் 9இல். கருணாநிதி வந்தார், எடியூரப்பா பக்கத்தில் நின்றார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை. இரண்டு முதலமைச்சர்கள் உட்கார்ந்து பேசினார்கள், முடிந்தது. யாரையும் காட்டுக்குள் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை.

அன்று தெருவெல்லாம் போலீஸ், கிட்டப் போக முடியவில்லை. மறுநாள் விடியற்காலை அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் நிமிர்ந்து பார்த்தார்.

"மூடிக் கிடந்தப்போ இன்னும் பெரிசா இருக்கும்னு நெனச்சேன்" என்றார். அப்புறம் காபி குடிக்கப் போனோம்.