பழைய இங்கிலாந்துக் கிராமத் திருமணப் பதிவேடுகள்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 1754-க்கும் 1837-க்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றியவை. ஊரும் ஆண்டும் குறிப்பிடாமல் "முன்னோர் கல்யாணத்தைக் கண்டுபிடித்துத் தாருங்கள்" என்று எழுதியவர்களுக்கு இங்கே பதில் இல்லை. இரண்டும் தெரியாமல் எந்தப் பதிவேட்டைத் திறப்பது?

கேள்வி: என் கணவர் வழி மூதாதை ஒருவருக்கு நார்ஃபோக் கிராமத்தில் 1731 பிப்ரவரி 12 அன்று திருமணம். மூத்த குழந்தைக்கு 1731 நவம்பரில் ஞானஸ்நானம். கணக்கு சரியாக வருகிறது, இல்லையா?

பதில்: வரவில்லை. 1751 வரை அங்கே சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். எனவே பதிவேட்டில் 1731 நவம்பர் முதலில் வரும், 1731 பிப்ரவரி அதற்குப் பிறகு வரும். அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1732. குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகி மூன்று மாதம் கழித்துத்தான் இந்தக் கல்யாணம். ஞானஸ்நானப் பதிவில் 'முறையற்ற பிறப்பு' என்ற குறிப்பு இருக்கிறதா பாருங்கள். இல்லாமல், தாய் தந்தை இருவரும் தம்பதியாகவே எழுதப்பட்டிருந்தால், இது அதே பெயருள்ள வேறு ஜோடியின் கல்யாணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள பழைய தேதிகளை 1731/32 என்று இரட்டையாக எழுதி வையுங்கள். பதிவேடுகளைப் பார்த்துப் பெயர் அட்டவணை (இண்டெக்ஸ்) தயாரித்தவர்களில் சிலர் ஆண்டைத் திருத்தியிருக்கிறார்கள், சிலர் அப்படியே விட்டிருக்கிறார்கள். மூலப் பக்கத்தைப் பார்த்தால்தான் எது என்று தெரியும்.

கேள்வி: பெயருக்குப் பக்கத்தில் 'ஓ.டி.பி.' என்று இருக்கிறதே, பிறந்த ஊரா?

பதில்: இல்லை. 'of this parish', அதாவது 'இந்த பாரிஷைச் சேர்ந்தவர்' என்பதன் சுருக்கம். பாரிஷ் என்றால் ஒரு கோயிலுக்கு (தேவாலயத்துக்கு) உட்பட்ட பகுதி. கல்யாணத்தின்போது அங்கே குடியிருந்தார், அவ்வளவுதான். பண்ணை வேலைக்காரர்கள் ஆண்டுக்கு ஒரு பண்ணை என்று மாறிக்கொண்டிருந்த காலம் அது.

கேள்வி: இணைய அட்டவணை ஒன்றில் 1796-இல் வில்ட்ஷயர் கிராமத்தில் எங்கள் ஆளின் திருமணம் கிடைத்தது. இன்னொருவர் போட்ட வம்சாவளியிலும் அதே தேதி. இரண்டும் ஒத்துப்போவதால் உறுதி என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. வம்சாவளி போட்டவரும் அதே அட்டவணையைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார். ஒரே சாட்சி இரண்டு தடவை பேசினால் இரண்டு சாட்சி ஆகிவிடாது. மாதம் தவறாமல் இந்தக் கேள்வி வருகிறது, மாதம் தவறாமல் இதே பதிலைத்தான் எழுதுகிறேன்: மூலப் பக்கத்தின் படத்தைப் பாருங்கள்.

திருமணங்களை ஒழுங்குபடுத்திய ஹார்ட்விக் சட்டம் 1754 மார்ச் 25-இல் நடைமுறைக்கு வந்தபின் திருமணங்கள் பெரும்பாலும் அச்சிட்ட படிவத்தில் எழுதப்பட்டன. மேலே மணமகன் பெயரும் பாரிஷும், அடுத்து மணமகள் பெயரும் பாரிஷும் இருக்கும். பல ஊர்களில் அவள் கன்னியா விதவையா என்பதையும் எழுதினார்கள். ஓலை வாசித்து (கோயிலில் மூன்று ஞாயிறு திருமண அறிவிப்பு வாசித்து) நடந்ததா, ஓலை இல்லாமல் மணக்கத் திருச்சபை தரும் அனுமதியான லைசென்ஸிலா என்பது அடுத்து. பிறகு தேதி, நடத்திவைத்த குருவானவர் பெயர். அதன் கீழே, இத்திருமணம் எங்களுக்குள் நடந்தேறியது என்ற அச்சு வரிக்கு எதிரே இருவரின் கையெழுத்து, அல்லது பெருக்கல் குறி போட்டு "இன்னாரின் குறி" என்று குருவானவர் எழுதியது. கடைசியில் இரண்டு சாட்சிகள்.

அட்டவணையில் இவற்றில் என்ன மிஞ்சும்? இரண்டு பெயர், ஒரு தேதி, ஒரு ஊர். 'விதவை' என்ற ஒரு சொல் விடுபட்டால் போதும். அவள் பெயரோடு இருப்பது முதல் கணவனின் குடும்பப் பெயர் என்பது தெரியாமல், அதே பெயரில் ஞானஸ்நானம் பெற்ற யாரோ ஒரு பெண்ணைப் பிடித்து, அவளுடைய தாய் தகப்பனை உங்கள் வம்ச மரத்தில் ஏற்றிவிடுவீர்கள். அதற்கு மேல் எழுதுவதெல்லாம் அந்நியர் வீட்டு வம்சம். இப்படிக் கெட்டுப்போன மரங்களை அடுத்தவர்கள் நகலெடுக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

பக்கம் கிடைத்ததும் அந்த ஒரு பதிவோடு நிறுத்தாதீர்கள். முன்னும் பின்னும் பத்துப் பத்துப் பதிவுகள் படியுங்கள். ஒரே சாட்சி எல்லாவற்றிலும் வந்தால் அவர் அநேகமாக பாரிஷ் கிளார்க் (கோயில் பணியாளர்), உங்கள் உறவினர் அல்ல. ஒரே ஒரு முறை மட்டும் வரும் சாட்சிதான் அண்ணனோ தங்கையோ ஆக இருக்கக்கூடியவர். பெருக்கல் குறி போட்டவரின் பெயர் எழுத்துக்கூட்டல் குருவானவருடையது. அதை வைத்து 'எங்கள் குடும்பப் பெயர் மாறியது' என்று கதை கட்ட வேண்டாம். பிறகு ஓலைப் புத்தகத்தைத் தேடுங்கள். இருவரும் வெவ்வேறு பாரிஷ் என்றால் இரண்டு ஊரிலும் மூன்று ஞாயிறு ஓலை வாசித்திருப்பார்கள். கடைசியாக, பேராயருக்கு ஆண்டுதோறும் அனுப்பிய பதிவேட்டுப் படியோடு (நகலோடு) ஒப்பிடுங்கள். பதிவேட்டில் மை அழிந்த பெயர் படியில் தெளிவாக இருப்பதுண்டு. ஆவணக் காப்பகத்தின் குறிப்பு எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகே மரத்தில் ஏற்றுங்கள்.

கேள்வி: லைசென்ஸ் ஆவணத்தில் 200 பவுண்டு பிணை என்று இருக்கிறது. நல்ல வசதியுள்ளவரோ?

பதில்: இல்லை. அது கட்டிய பணம் அல்ல. சொன்னது பொய்யானால் கட்ட வேண்டிய தொகை. பண்ணையாளும் இப்படிக் கையெழுத்துப் போட்டதுண்டு. 1823-க்குப் பிறகு இந்தப் பிணைப் பத்திரமே இல்லை, வாக்குமூலம் மட்டும்தான். இன்னொன்று, லைசென்ஸ் தேதி திருமணத் தேதி அல்ல. லைசென்ஸ் வாங்கிவிட்டு மணக்காமலே போனவர்களும் உண்டு.

கேள்வி: 1780 வாக்கில் நடந்திருக்க வேண்டிய திருமணம். ஊர்ப் பதிவேட்டில் இல்லவே இல்லை. அவர்கள் பாப்டிஸ்ட் சபையினர்.

பதில்: பாப்டிஸ்ட் ஆனாலும் கத்தோலிக்கர் ஆனாலும் 1754 முதல் 1837 வரை ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) கோயிலில் மணந்தால்தான் சட்டப்படி செல்லும். குவேக்கர்களுக்கும் யூதர்களுக்கும் மட்டும் விலக்கு. ஆகவே பாரிஷ் பதிவேடுகளையே தேடுங்கள், ஆனால் நீங்கள் பார்த்தது மணமகன் ஊர் என்று நினைக்கிறேன். வழக்கமாகக் கல்யாணம் பெண் வீட்டுப் பக்கம். முதலில் சுற்றுவட்டாரம் ஐந்து மைல், பிறகு பத்து மைல், பிறகு பக்கத்துச் சந்தை நகரம். மணமகள் ஊர் தெரியாவிட்டால் மணமகன் ஊர் ஓலைப் புத்தகம் சொல்லும். 'கிடைக்கவில்லை' என்று எழுதும்போது எந்தெந்தப் பாரிஷ், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள்.

கேள்வி: 1850 திருமணத்தில் வயதுக் கட்டத்தில் 'முழு வயது' என்று மட்டும் உள்ளது.

பதில்: 21 அல்லது அதற்கு மேல். அறுபதாகவும் இருக்கலாம்.

கேள்வி: 1868 திருமணத்துக்கு தலைமைப் பதிவகத்தின் சான்றிதழ் வாங்கினேன். தாத்தாவின் தாத்தா கையெழுத்து எவ்வளவு அழகு!

பதில்: அது அவர் கையெழுத்தாக இருக்க வாய்ப்பில்லை. 1837 ஜூலை 1 முதல் கோயிலில் இரண்டு பதிவேடுகள் ஒரே மாதிரி எழுதப்பட்டன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குருவானவர் நகலெடுத்துப் பதிவாளருக்கு அனுப்பினார். அந்த நகல்தான் தலைமைப் பதிவகம் போனது. பணம் கொடுத்து நீங்கள் பார்ப்பது அந்த நகலில் உள்ளதை. உண்மையான கையெழுத்து கோயில் பதிவேட்டில் இருக்கிறது. அது இப்போது அநேகமாக மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கும். ஆனால் சின்னக் கிராமமென்றால் ஒரு விஷயம் கவனியுங்கள். ஒரு புத்தகத்தில் 500 பதிவுகள். ஆண்டுக்கு மூன்று கல்யாணம் நடக்கும் ஊரில் அது நிரம்ப 160 ஆண்டுக்கு மேல் ஆகும். 1837-இல் தொடங்கிய புத்தகத்தையே சில ஊர்களில் நம் காலம் வரை பயன்படுத்தினார்கள். 2021 மே 4-இல் பதிவேட்டு முறையே முடிவுக்கு வந்தது. காப்பகத்தில் இல்லையென்றால் பாரிஷுக்கு எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: 1871-இல் மனைவி இறந்தபின் மச்சினியை மணந்த ஒருவர், சொந்த ஊரை விட்டு 40 மைல் தள்ளியிருந்த நகரத்துக்குப் போனது ஏன்?

பதில்: நம்மிடம் சாதாரணமான இந்தச் சம்பந்தம் அங்கே 1835 சட்டப்படி செல்லாது. 1907-இல்தான் அனுமதித்தார்கள். சொந்த ஊரில் ஓலை வாசித்தால் யாராவது எழுந்து தடை சொல்லியிருப்பார்கள்.