88 கட்டை கன்ட்ரோலர்: வாங்கும் முன் கேட்டவையும் என் பதில்களும்

வெயிட்டட் கன்ட்ரோலர், அதாவது பியானோ போலக் கனமான கட்டைகள் கொண்டு கம்ப்யூட்டரில் உள்ள இசை மென்பொருளை வாசிக்க உதவும் கீபோர்டு பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கீ என்று எழுதினால் சாவி மாதிரி படுகிறது, அதனால் ஆர்மோனியக்காரர்கள் சொல்வது போலக் கட்டை என்றே எழுதுகிறேன்.

எஃப்எல் ஸ்டூடியோ மென்பொருளில் பீட் போடுகிறேன், மெலடி எல்லாம் ரெண்டு விரல்தான். 88 கட்டை இருந்தால்தான் புரொஃபஷனலா ப்ரோ? (கோவை)

அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. ரெண்டு விரலுக்கு 25 கட்டையே அதிகம். பீட், சிந்த் பேஸ், ஆர்கன் மாதிரி வேலைகளுக்குக் கனமான கட்டை தொந்தரவுதான், வேகமாகத் தட்டினால் விரல் சோர்ந்துவிடும். அதோடு இது கிட்டத்தட்ட 130 செ.மீ. நீளம், மேசையையே விழுங்கிவிடும். பியானோ வாசிப்பவருக்கு 88 அவசியம். இன்னொருவருக்கும் உதவும்: ஆர்க்கெஸ்ட்ரா லைப்ரரி (வாத்தியங்களைப் பதிவு செய்த ஒலித் தொகுப்பு) வைத்து ஸ்ட்ரிங்ஸ் எழுதுகிறவருக்கு. அந்த லைப்ரரிகளில் லெகாட்டோ (கோர்த்து வாசிப்பது), ஸ்டக்காட்டோ (துண்டித்து வாசிப்பது) என்று பாணியை மாற்றும் கட்டைகளான கீஸ்விட்ச்கள் பெரும்பாலும் கீழ்க்கோடியில் இருக்கும். 61 கட்டையில் அவற்றைத் தொட ஒவ்வொரு முறையும் ஆக்டேவ் பட்டனை அழுத்தித் திரும்ப வேண்டும்.

செமி வெயிட்டட், ஃபுல்லி வெயிட்டட், ஹேமர், கிரேடட் ஹேமர்... எதுதான் நிஜம் சார்? (திருச்சி)

செமி வெயிட்டட் என்றால் பெரும்பாலும் ஸ்பிரிங்தான், கூடக் கொஞ்சம் எடை வைத்திருப்பார்கள். ஹேமர் என்றால் கட்டையோடு சேர்ந்து ஒரு எடை உள்ளே நிஜமாகவே எழும்பி விழும், கையைத் தளர்த்தினால் அந்த எடைதான் கட்டையைத் திருப்பி அனுப்பும். கிரேடட் என்றால் இடப்பக்கம் கனம், வலப்பக்கம் போகப் போக இலேசு. பெட்டியில் 'ஃபுல்லி வெயிட்டட்' என்று மட்டும் போட்டு ஹேமர் என்ற சொல் இல்லாவிட்டால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். பல கம்பெனிகள் கட்டைத் தொகுதியை (ஆக்‌ஷன் என்பது இதைத்தான்) தாங்களே செய்வதில்லை, இத்தாலியின் ஃபட்டார் நிறுவனத்திடம் வாங்கிப் பொருத்துகின்றன. அதனால் மேலே ஒட்டிய பெயரைவிட உள்ளே எந்த ஆக்‌ஷன் என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம். ஃபட்டார் டிபி/100, டிபி/40 ரெண்டும் ஒரே ஊர்க்காரர்கள், ஆனால் குணம் வேறு.

கடைக்குப் போனால் எதைப் பார்ப்பது? விற்பவர் ஸ்பீக்கரில் ஒரு பியானோவை அலற வைத்துவிட்டு 'எப்படி சார்' என்கிறார். (சென்னை, மதுரை, இன்னும் நிறைய பேர்)

முதலில் அந்த ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லுங்கள். நல்ல சவுண்டு போட்டால் மட்டமான கட்டையும் இனிக்கும். கன்ட்ரோலருக்குப் பொதுவாகச் சொந்தக் குரலே கிடையாது, நீங்கள் வாங்குவது கட்டையும் அதற்கு அடியில் இருக்கும் சென்சாரும்தான்.

சட்டைப் பையில் பத்து ரூபாய் நாணயங்கள் பத்து எடுத்துப் போங்கள். ஒன்று 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. நடு 'சி' கட்டையின் முன் விளிம்பில் ஒவ்வொன்றாக மெல்ல அடுக்குங்கள். ஆறு ஏழு நாணயத்தில் கட்டை தானே இறங்கினால் அதன் கனம் 50 கிராம் அளவில் இருக்கிறது, அக்கூஸ்டிக் பியானோவுக்குப் பக்கம். பத்தையும் அடுக்கிய பிறகும் அசையாமல் நின்றால் ஒரு மணி நேரம் வாசித்ததும் முழங்கையில் தெரியும். கீழ்க்கோடியில் ஒன்றிரண்டு நாணயம் கூட ஆகும், கிரேடட் என்றால் அப்படித்தான் ஆக வேண்டும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

அடுத்து, வெள்ளைக் கட்டையை விளிம்பில் அழுத்துங்கள், பிறகு அதையே கருப்புக் கட்டைகளுக்கு நடுவே, உள்ளே தள்ளி அழுத்துங்கள். கிராண்ட் பியானோவில் கட்டை நீளமாக உள்ளே போகிறது, அதனால் வித்தியாசம் குறைவு. கன்ட்ரோலரில் கட்டை குட்டை, உள்ளே போகப் போகக் கனக்கும். ஈ பிளாட், பி பிளாட் ஸ்கேல்களில் கோர்டு பிடிக்கும்போது விரல் அங்கேதான் போய் விழும். கடையில் சி மேஜரை மட்டும் வாசித்துப் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

கடைசியாக லேப்டாப். அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள். கட்டைக்கு அடியில் இருக்கும் ரப்பர் தொடுப்புகளில் (சென்சார் என்றது இவற்றைத்தான்) முதலாவது தொட்டு அடுத்தது தொட எத்தனை நேரம் ஆகிறது என்பதைத்தான் கருவி அளக்கிறது, அந்த வேகம்தான் 1 முதல் 127 வரை ஒரு வெலாசிட்டி எண்ணாகப் பதிவாகும். ஆகவே பதிவு மென்பொருளைத் திறந்து ரெக்கார்டு போடுங்கள். ஒரே விரல், ஒரே அழுத்தம், கருப்பு வெள்ளை எதையும் விடாமல் நடுவில் மூன்று ஆக்டேவ் ஏறுங்கள். இப்படி மூன்று முறை. பிறகு வெலாசிட்டிக் கம்பிகளைப் பாருங்கள். ஐந்து பத்து ஏறி இறங்குவது உங்கள் கை. ஆனால் ஒரே கட்டை மூன்று முறையும் பக்கத்துக் கட்டையைவிட இருபது தாண்டி நின்றால் அது கட்டையின் கோளாறு, வேறு பீஸ் கேளுங்கள். நான் முதலில் வாங்கியதை ஆன்லைனில் தொடாமலே வாங்கினேன். அதில் நடு 'சி'க்கு மேலே இருந்த எஃப் ஷார்ப் மட்டும் எப்போது தொட்டாலும் கத்தும். இரண்டு வருஷம் ஒவ்வொரு டேக்கிலும் அந்த ஒரு சுரத்தைத் தேடித் தேடிக் குறைத்துக்கொண்டிருந்தேன், டி மேஜரில் எழுதுவதையே ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன்!

ஒரே கட்டையை ரெண்டு விரல் மாற்றி வேகமாகத் தட்டியும் பாருங்கள். ரெண்டு சென்சார் உள்ளவற்றில் கட்டை நன்றாக மேலே வந்தால்தான் அடுத்த சத்தம். மூன்று சென்சார் என்றால் பாதி எழும்பியதும் திரும்ப அடிக்கலாம்.

கன்ட்ரோலருக்குப் பதிலாக டிஜிட்டல் பியானோவையே யுஎஸ்பியில் சொருகினால் ஆகாதா? (நாகர்கோவில்)

பேஷாக ஆகும். ரோலண்ட் ஏ-88 எம்கே2 கன்ட்ரோலரில் இருக்கும் பிஹெச்ஏ-4 ஆக்‌ஷன்தான் எஃப்பி-10 டிஜிட்டல் பியானோவிலும் இருக்கிறது. இதில் கூடவே ஸ்பீக்கரும் வருகிறது, கம்ப்யூட்டரைப் போடாமலே சாதகம் செய்யலாம். நீங்கள் இழப்பது பிட்ச் பெண்ட் (சுரத்தை வளைக்கும் சக்கரம்), மாடுலேஷன் (அதிர்வு போன்ற அசைவு சேர்க்கும் சக்கரம்), குமிழ்கள். யமஹா பி-45இலும் யுஎஸ்பி உண்டு. மென்பொருளோடு வாசிக்கும்போது 'லோக்கல் கண்ட்ரோல்' ஆஃப் செய்யுங்கள், இல்லாவிட்டால் பியானோவின் சத்தமும் மென்பொருளின் சத்தமும் சேர்ந்து இரட்டையாகக் கேட்கும். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் நான் இந்தப் பக்கம்தான்.

கமகம் வாசிக்க 88 கட்டை எது நல்லது அண்ணா? (தஞ்சாவூர்)

தம்பி, கமகம் இடக்கைப் பக்கம் இருக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தில் இருக்கிறது, கட்டையில் இல்லை. கவாய் விபிசி1 கன்ட்ரோலரில் மரக்கட்டை, தொட்டால் எழுந்திருக்க மனசு வராது, ஆனால் கிட்டத்தட்ட 30 கிலோ, பிட்ச் சக்கரமே கிடையாது. பியானோக்காரருக்கு அது சொர்க்கம், உங்களுக்கு அது ஒரு அழகான பெஞ்சு. ஸ்டூடியோலாஜிக் எஸ்எல்88 கன்ட்ரோலரில் சக்கரத்துக்குப் பதில் குச்சிகள், பழகினால் சரி. ஸ்பிரிங் போட்ட சக்கரம் விட்டதும் நடுவுக்கு ஓடிவிடும், அந்த இழுப்பு எவ்வளவு என்று கையால் பார்த்து வாங்குங்கள். மிடியில் (கருவியும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் மொழி) பிட்ச் பெண்ட் 14 பிட், அதாவது 16,384 படிகள், எனவே நுணுக்கத்துக்குக் குறையில்லை. வழக்கமாக ரெண்டு அரைச்சுரம் மேலே, ரெண்டு கீழே என்று இருக்கும் வீச்சை மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம். நான் 88ஐ முன்னால் வைத்து, ஒரு குட்டி 25ஐ இடப்பக்கம் சக்கரத்துக்காக மட்டும் வைத்திருக்கிறேன், அதன் கட்டைகளில் தூசிதான் வாசிக்கிறது.

வாசிப்பது மெதுவாகத்தான், ஆனால் எல்லாம் 110க்கு மேலே பதிவாகிறது. கட்டை பழுதா? (ஈரோடு)

எல்லாக் கட்டையும் அப்படி என்றால் பழுதில்லை, வெலாசிட்டி கர்வ் (எவ்வளவு அழுத்தத்துக்கு எந்த எண் என்ற கணக்கு) பொருந்தவில்லை. கருவியின் செட்டிங்கில் 'ஹார்டு' அல்லது 'ஹெவி' என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். சாதாரணமாக வாசித்தால் 60-80, மூச்சுவிடாமல் தடவினால் 15 பக்கம், ஓங்கி அடித்தால் மட்டும் 127 என்று வரும்வரை மாற்றுங்கள். கருவியிலும் மென்பொருளிலும் ரெண்டு இடத்தில் கர்வ் வளைக்காதீர்கள், எது எதை வளைக்கிறது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

சஸ்டெயின் பெடல் தலைகீழாக வேலை செய்கிறது. காலை எடுத்தால் சத்தம் நீள்கிறது.

பெடலைத் தொடாமல் கருவியை அணைத்துத் திரும்பப் போடுங்கள். பல கருவிகள் உயிர் வரும் நொடியில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே 'கால் எடுத்த நிலை' என்று எடுத்துக்கொள்ளும். சரியாகாவிட்டால் பெடலின் அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். பாதி அழுத்தும் வித்தை வேண்டுமென்றால் பெடலும் கருவியும் ரெண்டும் அதை ஆதரிக்க வேண்டும்.

எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறோம். ஹெட்ஃபோன் போட்டுத்தான் வாசிக்கிறேன், கீழ்வீட்டு ஆன்ட்டி கோபப்படுகிறார். (சிங்கப்பூர்)

அவருக்குக் கேட்பது பியானோ இல்லை, கட்டை அடியில் மோதும் தட்தட். இசை இல்லாத தாளம் மட்டும் நடு ராத்திரியில் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் பாய், அதற்குக் கீழே ஒரு பலகை, அதன் கீழே இன்னொரு ரப்பர். பெடலுக்கும் அப்படியே. எக்ஸ் வடிவ ஸ்டாண்டு ஆடும், மேசை வடிவ ஸ்டாண்டுக்கு மாறுங்கள்.

மிடி 2.0 வந்துவிட்டதே, காத்திருக்கலாமா?

வேண்டாம். 1983இல் வந்த மிடி 1.0தான் இன்னமும் சோறு போடுகிறது. அதன் 127 வெலாசிட்டி படிகளே என் கைக்கு அதிகம்.

தட்டியதற்கும் சத்தத்துக்கும் இடைவெளி இருக்கிறது. விலை கூடிய கன்ட்ரோலர் வாங்கினால் போய்விடுமா? (சேலம்)

போகாது, பணம்தான் போகும். இடைவெளி வருவது ஆடியோ பஃபரில், அதாவது கம்ப்யூட்டர் சத்தத்தைச் சேர்த்து வைத்து அனுப்பும் தொகுப்பில். 44,100 ஹெர்ட்சில் 128 சாம்பிள் என்றால் 3 மில்லி செகண்டுக்கும் குறைவு, 1024 என்றால் 23ஐத் தாண்டும். விண்டோஸ் என்றால் ஆசியோ டிரைவர் (சத்தத்தைத் தாமதமின்றி அனுப்பும் மென்பொருள்) போட்டு பஃபரைக் குறையுங்கள்.

பழசு ஒன்று நல்ல விலைக்கு வருகிறது, ஆனால் ரெண்டு மூன்று கட்டை சில நேரம் ஊமையாகிவிடுகிறது. வாங்கலாமா அண்ணே? (யாழ்ப்பாணம்)

அந்தக் கட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்து, ரெண்டு மூன்று முறை தட்டினால் உயிர் வருகிறது என்றால் பெரும்பாலும் ரப்பர் தொடுப்பில் தூசி. திறந்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் சரியாகிவிடும். ஆனால் ஹேமர் கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும், ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ, அழுத்தினால் டக்கென்று பிளாஸ்டிக் சத்தம் வந்தாலோ அது வேறு கதை, உள்ளே உடைந்திருக்கலாம், உதிரி கிடைப்பது பெரும்பாடு. விலையைக் குறைத்தாலும் அதை எடுக்காதீர்கள்.