வெர்சோவாவில் மீன்வளம் படிக்க வருகிறவர்களுக்கு: கேள்வி பதில்

மும்பை அந்தேரி மேற்கில், வெர்சோவா கடலோரம் இருக்கிறது மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம். 1961-ல் தொடங்கியது, 1989 முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அங்கே எம்.எஃப்.எஸ்சி (மீன்வள அறிவியல் முதுநிலைப் பட்டம்) படிக்க வருகிறவர்கள் கேட்டவை இவை.

தூத்துக்குடியிலிருந்து, இறுதியாண்டு மாணவர்: அக்கா, வீட்டில் எவ்வளவு பணம் ஏற்பாடு பண்ணச் சொல்லணும்?

அரசு நிறுவனம், கட்டணம் உங்களைச் சாய்க்காது தம்பி. சாய்ப்பது முதல் நாலு மாசம்தான். நுழைவுத் தேர்வுத் தரவரிசையில் மேலே வந்தவர்களுக்கு ஐ.சி.ஏ.ஆர் (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) தரும் முதுநிலை உதவித்தொகை மாதம் 12,640 ரூபாய். ஆனால் சேர்ந்த மறுமாசமே வந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். சேர்க்கை அறிக்கை போக வேண்டும், ஆதார், வங்கிக் கணக்கு சரிபார்ப்பு முடிய வேண்டும். பிறகுதான் நிலுவையோடு சேர்ந்து வரும். அதுவரைக்கும் சாப்பாடு, புத்தகம், ஊருக்கு ஒரு தடவை போய்வரும் செலவு கையில் இருக்கணும்.

பணம் நிற்பதற்குப் பெரிய காரணம் நம் இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ‘மாரியப்பன் சு’, ஆதாரில் ‘சுப்பையா மாரியப்பன்’, வங்கியில் ‘எஸ் மாரியப்பன்’. நமக்கு ஒரே ஆள்; கணினிக்கு மூன்று பேர். பத்தாம் வகுப்புப் பட்டியலில் உள்ளபடி முதலில் ஆதாரைத் திருத்துங்கள், அதற்குப் பிறகு வங்கியை. வரிசையை மாற்றினால் இரண்டு தடவை அலைய வேண்டும்.

இன்னொன்று. ஆதார் வழியாக வரும் பணம் நீங்கள் படிவத்தில் எழுதிய கணக்குக்குப் போகாது. ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும். மும்பையில் புதுக் கணக்கு திறக்கும்போது ‘ஆதார் இணைக்கட்டுமா’ என்று கேட்டதற்குத் தலையாட்டிவிட்டு, பழைய கணக்கில் பணம் வரவில்லை என்று தேடுகிறவர்கள் நிறைய. ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலை என்று ஒரு பகுதி உண்டு, அதில் பாருங்கள்.

தாராவியிலிருந்து: நான் பிறந்தது மும்பை. ஆதிதிராவிடர். அப்பாவுக்குத் திருநெல்வேலி. எங்கே உதவித்தொகை கேட்பது?

இதில் தடுமாறுகிறவர்கள்தான் அதிகம். பட்டியல் சாதி நிலை மாநிலத்தை ஒட்டியது. 10.8.1950 அன்று உங்கள் குடும்பம் எந்த மாநிலத்தில் நிரந்தரமாக இருந்ததோ அதுதான் கணக்கு. தாத்தா அன்றைக்குத் திருநெல்வேலியில் இருந்திருந்தால், நீங்கள் மும்பையிலேயே பிறந்திருந்தாலும் மகாராஷ்டிர அரசின் எஸ்.சி ஒதுக்கீடோ சலுகையோ கிடைக்காது. மும்பையில் மருத்துவ இடம் கேட்ட மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் 1990-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்.

ஆனால் மத்திய நிறுவனத்துக்கு அந்தத் தடை இல்லை. அப்பாவின் தமிழ்நாட்டுச் சான்றிதழைக் காட்டினால், இங்குள்ள அலுவலகமே ‘இடம்பெயர்ந்தவர்’ என்று குறிப்பிட்டுச் சாதிச் சான்று தரலாம். அது மத்திய ஒதுக்கீட்டுக்குச் செல்லும். அப்பாவிடம் சான்றிதழே இல்லையென்றால் முதலில் ஊருக்குப் போய் அதை வாங்குங்கள். தாத்தாவின் பள்ளிச் சான்றிதழோ நிலப் பத்திரமோ இருந்தால் வேலை சுலபம். தேர்வு முடிவு வந்த பிறகு ஆரம்பித்தால் கலந்தாய்வுக்குள் முடியாது.

தமிழ்நாட்டிலிருந்து நேராக வருகிறவர்களுக்கு: பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகையை மகாராஷ்டிரத்தில் கேட்காதீர்கள், தமிழ்நாட்டில்தான் விண்ணப்பிக்கணும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்கணும். ஐ.சி.ஏ.ஆர் பணமும் இதுவும் சேர்த்து வாங்க முடியாது.

கும்பகோணத்திலிருந்து, ஒரு தாய்: மகள் விடுதி வேண்டாம், மூன்று பேர் சேர்ந்து வீடு எடுக்கிறோம் என்கிறாள். சரிப்படுமா அம்மா?

முதல் வருஷம் வேண்டாம் அம்மா. வெர்சோவாவும் யாரி ரோடும் சினிமாக்காரர்கள் தேடிவரும் பகுதி, வாடகையும் அப்படித்தான். எடுத்தே ஆகணும் என்றால் 11 மாத ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்யணும். முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும் என்று புரோக்கர் சொன்னால் நம்பாதீர்கள். 1999-ம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைச் சட்டம் 55-ம் பிரிவுப்படி பதிவு வேண்டும்.

கணக்கு இப்படி. வாடகை 40,000, முன்பணம் 1,50,000 என்று வையுங்கள். 11 மாத வாடகை 4,40,000. தீர்வைக் கணக்குக்காக முன்பணத்துக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் வட்டி போட்டால் 11 மாதத்துக்கு 13,750. இரண்டும் சேர்ந்த 4,53,750-ல் 0.25 சதவீதம் முத்திரைத் தீர்வை, சுமார் 1,135 ரூபாய். பதிவுக் கட்டணம் 1,000. அரசுக்குப் போவதில் பெரும்பகுதி இவ்வளவுதான். இதற்கு எட்டாயிரம் பத்தாயிரம் என்று கேட்டால் மீதி யார் பைக்கு என்று கேளுங்கள். புரோக்கருக்குத் தனியாக ஒரு மாத வாடகை. கையெழுத்துக்கு முன்னால் சொசைட்டி (அந்தக் கட்டடத்தின் வீட்டுச் சங்கம்) செயலாளரைப் பாருங்கள். ‘பேச்சுலர்’ என்றாலே முகம் சுளிக்கிற கட்டடங்கள் உண்டு, பெண்பிள்ளைகளுக்கும் அதே பேச்சுதான்.

மாஹிமிலிருந்து: வீட்டிலிருந்தே போய்வரலாமா?

போகலாம். மாஹிம்–அந்தேரி ரயில் பாஸில் மாணவர் சலுகை பாதி. நிறுவனம் தரும் படிவத்தை வாங்கிய கையோடு ஸ்டேஷனில் கொடுங்கள், அதன் ஆயுள் சில நாள்தான். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 25. அந்தேரியிலிருந்து மெட்ரோவில் வெர்சோவா. பெயர்தான் வெர்சோவா, ஸ்டேஷன் இருப்பது ஏழு பங்களா (செவன் பங்களோஸ்) என்ற பகுதியின் பக்கம். அங்கிருந்து ஆட்டோ, குறைந்தபட்சம் 26 ரூபாய். மழை நாளில் அந்தேரி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்று மூடிவிடுவார்கள், அன்றைக்கு ரயிலும் மெட்ரோவும்தான் துணை.

நாகப்பட்டினத்திலிருந்து: மீன் வாங்க, நம்ம சாமான் வாங்க?

மீன் பெயரை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்: சுர்மை என்றால் வஞ்சிரம், பாப்லெட் வாவல், ராவஸ் காலா, பாங்டா கானாங்கெளுத்தி, தார்லி மத்தி, போம்பில் வங்கரவாசி. வெர்சோவா கோலிவாடாவில் (மீனவர் குடியிருப்பில்) மூங்கில் கம்புகளில் தொங்கிக் காய்வது அந்தப் போம்பில்தான். ஊரில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14. இந்தப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31. நீங்கள் ஜூலையில் வந்து இறங்கினால் விலையைப் பார்த்து மிரளாதீர்கள், நாரளி பௌர்ணமி (மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் படைக்கும் விழா) கழிந்து படகுகள் போனபின் இறங்கும்.

முருங்கைக்காய், வாழையிலை, காபித்தூளுக்கு மாட்டுங்கா கிழக்கு. அந்தேரியிலிருந்து ஸ்லோ ரயிலில் மாட்டுங்கா ரோடு இறங்கி, இசட் வடிவ நடைபாலத்தைத் தாண்டுங்கள். ஃபாஸ்ட் ரயில் அங்கே நிற்காது, தாதருக்குக் கொண்டுபோய் விட்டுவிடும்.