ஊரே கேட்ட பயிற்சியாளர்

கேள்வி: அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் வசிக்கிறேன். 2011-ல் மேற்படிப்புக்காக இங்குள்ள அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்தபோது, என் அறைத்தோழர்தான் என்னை முதன்முதலில் கல்லூரிக் கால்பந்து ஆட்டத்துக்கு அழைத்துச் சென்றார். நம் ஊர்க் கால்பந்து அல்ல. தலைக்கவசம் அணிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்து. அன்று தொற்றிய பைத்தியம் இன்னும் தெளியவில்லை. இந்த அக்டோபரில் எங்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளரை நீக்கிவிட்டார்கள். எங்கள் அணிக்கே குவாட்டர்பேக்காக, அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவராக ஆடி, இப்போது ஒரு சிறிய பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக வெற்றிமேல் வெற்றி பெற்றுவரும் ஒருவரைக் கொண்டுவர வேண்டும் என்பது என் கட்சி. பெரிய அணி ஒன்றின் டிபென்சிவ் கோஆர்டினேட்டர்தான், அதாவது தடுப்பாட்டத்தைக் கவனிக்கும் துணைப் பயிற்சியாளர்தான் வேண்டும் என்பது என்னை அன்று அழைத்துச் சென்ற அதே நண்பரின் கட்சி. தீபாவளி விருந்தில் பேச்சு முற்றி, "நீ இங்க படிச்சது ரெண்டு வருஷம்தானேடா, உனக்கு என்ன தெரியும்?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். அவர் முனைவர் பட்டத்துக்காக ஆறு வருடம் இருந்தவர். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. அவர் மனைவி அன்று பாயசம் கொண்டுவந்த எவர்சில்வர் தூக்கு இன்னும் எங்கள் அடுக்களையில் இருக்கிறது. எங்களில் யார் சொல்வது சரி? நான் இறங்கிப் போகத்தான் வேண்டுமா? (பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு சிறு தகுதி உண்டு. மகள் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில் வேலையில் இருந்ததால், 2017-ன் குளிர்காலத்தை நான் அங்கேதான் கழித்தேன். அந்த மாநிலத்தின் மக்கள்தொகை அப்போது இருபது லட்சத்தைத் தொடவில்லை. தொழில்முறைக் கால்பந்து அணி ஒன்றுகூடக் கிடையாது. இருப்பதெல்லாம் பல்கலைக்கழக அணிதான். 1962 முதல் அவர்களுடைய மெமோரியல் ஸ்டேடியத்தில் ஓர் ஆட்டத்துக்குக்கூட நுழைவுச்சீட்டு மீந்ததில்லை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆட்ட நாளன்று அந்த அரங்கில் கூடும் கூட்டம்தான் ஒமாஹாவுக்கும் லிங்கனுக்கும் அடுத்தபடியாக மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

அந்த டிசம்பரின் முதல் சனிக்கிழமை அணியின் புதிய தலைமைப் பயிற்சியாளராக ஸ்காட் ஃப்ராஸ்ட் வருகிறார் என்ற செய்தி வந்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியவர் வாகனக் கொட்டகைக் கதவின்மேல் ஏணி போட்டு ஏறி, சிவப்புக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஏணியைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டவர், ஃப்ராஸ்ட் லிங்கனில் பிறந்ததையும், வுட் ரிவர் என்ற சிற்றூரில் வளர்ந்ததையும், 1997-ல் தேசியப் பட்டம் வென்ற அணியின் குவாட்டர்பேக்காக இருந்ததையும், முந்தைய தலைமுறைக் குடும்பக் கதையைச் சொல்வதுபோல் மேலிருந்தபடியே சொன்னார். ஃப்ராஸ்ட் முதலில் சொந்த மாநிலத்தை விட்டுவிட்டு ஸ்டான்ஃபோர்டுக்குப் போய், பிறகுதான் திரும்பி வந்தவர் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளையின் பழைய சங்கதிகளை யார் எடுப்பார்கள்?

ஃப்ராஸ்டைக் கேட்டதில் தவறொன்றும் இல்லை என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். 2015-ல் பன்னிரண்டு ஆட்டங்களிலும் தோற்ற சென்ட்ரல் ஃப்ளோரிடா அணியை எடுத்து, இரண்டே பருவங்களில் பதின்மூன்று ஆட்டங்களிலும் தோற்காத அணியாக்கியவர் அவர். மண்ணின் மைந்தர், பழைய ஆட்டக்காரர், சிறிய இடத்தில் சாதித்துக் காட்டியவர். உங்கள் ஆளுக்கு நீங்கள் சொல்லும் தகுதிகள் அத்தனையும் அவருக்கு இருந்தன. இதற்கு மேல் ஒரு தேர்வு இருக்க முடியாது என்று மாநிலமே ஒருமனதாக நம்பியது. நெப்ராஸ்காவில் அவர் கணக்கு 16 வெற்றி, 31 தோல்வி. 2021-ல் தோற்ற ஒன்பது ஆட்டங்களும் ஒற்றை இலக்கப் புள்ளி வித்தியாசத்தில் போனவை. 2022 செப்டம்பரில், ஜார்ஜியா சதர்ன் என்ற சிறிய அணியிடம் சொந்த அரங்கிலேயே தோற்ற மறுநாள் அவரை நீக்கினார்கள். இன்னும் மூன்று வாரம் பொறுத்திருந்தால் பல்கலைக்கழகம் கொடுக்க வேண்டிய ஈட்டுத்தொகை, அதாவது அவர்கள் பைஅவுட் என்பது, ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலரிலிருந்து பாதியாகக் குறைந்திருக்கும். அந்த மூன்று வாரத்துக்குக்கூட ஊருக்குப் பொறுமை இல்லை.

இதைக் காட்டி நண்பர் உங்களை மடக்கப் பார்த்தால் அவருக்கும் ஒரு கதை இருக்கிறது. அலபாமா அணியின் டிபென்சிவ் கோஆர்டினேட்டர் நாற்காலி என்பது கல்லூரிக் கால்பந்தில் ஏறக்குறைய பட்டத்து இளவரசரின் நாற்காலி. அதில் 2015 வரை இருந்த கர்பி ஸ்மார்ட் ஜார்ஜியாவுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய், 2021, 2022 என்று அடுத்தடுத்து இரண்டு பருவங்களில் தேசியப் பட்டம் வென்றார். அவருக்குப் பின் அதே நாற்காலியில் அமர்ந்து, அலபாமாவின் அன்றைய தலைமைப் பயிற்சியாளரான அதே நிக் சேபனிடம் பாடம் கேட்ட ஜெரமி ப்ரூயிட் டென்னசிக்குப் போனார். மூன்று பருவங்களில் 16 வெற்றி, 19 தோல்வி என்ற கணக்கோடு, ஆள்சேர்ப்பு விதிமீறல் விசாரணையில் சிக்கி, 2021 ஜனவரியில் நீக்கப்பட்டார். நாற்காலி ஒன்று, வித்தை ஒன்று, விளைச்சல் மட்டும் வேறு. அது மட்டுமல்ல, ஸ்மார்ட் ஜார்ஜியாவிலேயே படித்து அந்த அணிக்கே ஆடியவர். அவரை உங்கள் கட்சியில் சேர்ப்பதா, நண்பர் கட்சியில் சேர்ப்பதா என்று நீங்கள் இருவரும் இன்னொரு தீபாவளி முழுவதும் சண்டை போடலாம்.

டென்னசியின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ரசிகர்களின் குரலுக்கு எவ்வளவு வலு என்று அங்கேதான் பார்த்தோம். 2017 நவம்பர் 26 அன்று, கிரெக் ஷியானோவை நியமிக்கப்போகிறார்கள் என்ற செய்தி கசிந்தது. அவர் முன்பு வேலைபார்த்த ஓர் இடத்தில் நடந்த குற்றங்கள் தொடர்பான வழக்கு ஒன்றில் அவர் பெயர் அடிபட்டிருந்தது. தமக்கு எதுவும் தெரியாது என்று அவர் மறுத்திருந்தார். சில மணி நேரத்துக்குள் வளாகத்தில் கூட்டம் திரண்டது, மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள்கூட எதிர்ப்புத் தெரிவித்தார்கள், இரவுக்குள் நியமனம் கைவிடப்பட்டது. ஒரு வாரத்துக்குள் விளையாட்டுத் துறை இயக்குநரின் பதவியும் போயிற்று. ரசிகர்கள் வென்றார்கள், வென்றதன் பலனாகக் கிடைத்தவர்தான் மேலே சொன்ன ப்ரூயிட்.

அவருக்குப் பின் 2021-ல் ஜாஷ் ஹைப்பல் வந்தபோது கொண்டாட்டம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஃப்ராஸ்ட் விட்டுச்சென்ற சென்ட்ரல் ஃப்ளோரிடா அணியைத்தான் அவர் ஏற்று நடத்தினார். முதல் பருவத்தில் ஒரு தோல்வி, அடுத்ததில் மூன்று, அதற்கடுத்ததில் நான்கு என்று இறங்குமுகமாகவே இருந்தது அவர் கணக்கு. தாம் குவாட்டர்பேக்காக ஆடி 2000-ல் தேசியப் பட்டம் வென்று கொடுத்த ஓக்லஹோமாவே பின்னாளில் அவரைப் பயிற்சிக் குழுவிலிருந்து அனுப்பியிருந்தது. சென்ட்ரல் ஃப்ளோரிடாவில் அவரை அமர்த்திய இயக்குநர் டேனி வைட் டென்னசிக்கு மாறி வந்ததும், தமக்குத் தெரிந்த ஆளையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்ற முணுமுணுப்பும் இருந்தது. அந்த ஹைப்பலின் இரண்டாம் பருவத்தில், 2022 அக்டோபரில், பதினைந்து வருடம் தொடர்ந்து தோற்ற அலபாமாவை டென்னசி 52-49 என்று வென்றது. ரசிகர்கள் கோல்கம்பத்தைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு போய் டென்னசி ஆற்றில் எறிந்தார்கள். இரண்டு வருடம் முன்பு முணுமுணுத்தவர்களும் அந்தக் கம்பத்துக்குத் தோள் கொடுத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஃப்ராஸ்டை முதலில் கண்டெடுத்துச் சென்ட்ரல் ஃப்ளோரிடாவுக்குக் கொண்டுவந்தவரும் இதே டேனி வைட்தான். ஒரே மனிதர் ஒரே இடத்துக்குத் தேர்ந்தெடுத்த இருவரில், ஊர் வாரி அணைத்துக்கொண்டவர் சறுக்கினார், ஊர் முகம் சுளித்தவர் நிலைத்தார். ஆகவே உங்கள் இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டால், அது யாருக்கும் தெரியாது என்பதுதான் என் பதில். நியமிக்கிறவர்களுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்குத் தேசியப் பட்டம் வென்று கொடுத்த ஜிம்போ ஃபிஷரை அழைத்து வந்து, ஆறு பருவம் பார்த்துவிட்டு, 2023 நவம்பரில் ஏழரைக் கோடி டாலருக்கு மேல் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்காது.

ஆனால் யாருக்கும் தெரியாது என்பதால் பேசவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்தவர் யார் என்று பேசுவதுதான் தோற்ற பருவத்தில் ரசிகனுக்கு மிஞ்சும் ஒரே இன்பம். புதிய பயிற்சியாளர் வருகிறாரோ என்று, விமான நிலையத்தில் எந்த ஊர்த் தனி விமானம் வந்து இறங்குகிறது என இணையத்தில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை நான் கேலி செய்யப்போவதில்லை. நானும் ஒருநாள் மகளின் மடிக்கணினியில் பார்த்தவன்தான். எந்தக் கேள்வியைக் கேட்டுப் பேசுகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "நம்ம ஆளா?" என்பது உங்கள் கேள்வி, "பெரிய இடத்து ஆளா?" என்பது நண்பரின் கேள்வி. பயிற்சியாளராக வரக்கூடியவர் கேட்கும் கேள்வி இரண்டுமில்லை. 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்றாகிவிட்டது. எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து முதல் வருடத்துக்கான உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். அதில் கால்பந்துக்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள், துணைப் பயிற்சியாளர்களுக்கு என்ன சம்பளம், எனக்கு எத்தனை வருடம் அவகாசம் என்றுதான் அவருடைய முகவர் முதலில் கேட்பார்.

வந்தவருக்கு மூச்சுவிடவும் நேரம் இருக்காது. நவம்பர் கடைசியில் பதவியேற்றால், டிசம்பர் தொடக்கத்திலேயே பள்ளி மாணவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாள் வந்துவிடும். பழைய பயிற்சியாளரை நம்பி வந்த பையன்களோ ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வேறு பல்கலைக்கழகத்துக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் யாரை நிறுத்திவைக்கிறார், கூட யாரை அழைத்து வருகிறார் என்பதை வைத்து, முதல் ஆட்டத்துக்கு ஒன்பது மாதம் முன்பே ஓரளவு கணிக்கலாம். உங்கள் ஆளின் சிறிய பல்கலைக்கழக வெற்றிகளை எடுத்துக்கொண்டால், அவை அவரே சேர்த்த ஆட்டக்காரர்களைக் கொண்டு வந்தவையா, முன்பிருந்தவர் விட்டுச்சென்ற விளைச்சலா என்று பாருங்கள். நண்பரின் ஆள் தடுப்பாட்டத்தை மட்டும் பார்த்தவர் என்றால், தாக்குதல் ஆட்டத்தை யாரிடம் ஒப்படைப்பார் என்று பாருங்கள். என் சாய்வைக் கேட்டால், இரண்டு பேரில் உங்கள் ஆளைப் பற்றித்தான் எனக்குத் தயக்கம் அதிகம். அவர் திறமையில் சந்தேகம் இல்லை. அவர்மீது உள்ள பாசத்தால் யாரும் இந்தக் கேள்விகளை அவரிடம் கேட்க மாட்டார்கள் என்பதே காரணம். லிங்கனில் யாரும் கேட்கவில்லை. மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மிச்சிகனின் பழைய குவாட்டர்பேக்கான ஜிம் ஹார்பா 2020-ல் இரண்டே ஆட்டங்களில் வென்று, பாதிச் சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டு நீடித்து, 2023 பருவத்தில் தோல்வியே இல்லாமல் தேசியப் பட்டம் வென்று கொடுத்தார். அங்கே பாசத்தோடு கொஞ்சம் பொறுமையும் சேர்ந்திருந்தது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்களைக் குத்தியது கோஆர்டினேட்டர் அல்ல, "ரெண்டு வருஷம்தானேடா" என்ற சொல். இந்த அணி யாருடையது என்பதில் உங்களுக்குள் பங்காளித் தகராறு வந்திருக்கிறது. ஆறு வருடம் பனியில் நடந்து ஆய்வகத்துக்குப் போனவர், அந்த ஊரைத் தமக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் கையைப் பிடித்து அரங்குக்குள் போன நீங்கள், அவரைவிட உரக்கப் பேசும் அளவுக்கு வளர்ந்துவிட்டீர்கள். கற்றுக்கொடுத்தவருக்கு அது பெருமையாகவும் இருக்கும், கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கும். அவர் சொன்னது தவறுதான். அதுவும் பலர் முன்னால் சொன்னது இன்னும் தவறு. ஆனால் உங்கள் கடிதத்தின் முதல் பத்தியிலேயே, கேட்காமலே, உங்களை முதன்முதலில் அழைத்துச் சென்றவர் அவர்தான் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை அவரிடம் நேரில் சொல்லிப் பாருங்கள். இறங்கிப் போவதாக நீங்கள் நினைக்க வேண்டாம், உள்ளதைச் சொல்வதுதான்.

எப்போது போவது என்பதிலும் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்த ஓரிரு நாளில் உங்கள் அணியும் பெயரை அறிவித்துவிடும். அறிவித்த பிறகு போனால், உங்கள் ஆள் வந்திருந்தால் குத்திக்காட்ட வந்ததாகத் தோன்றும், அவர் ஆள் வந்திருந்தால் தோற்றுப்போய் வந்ததாகத் தோன்றும், மூன்றாவது ஆள் ஒருவர் வந்திருந்தால் இருவருமே பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் திண்டாடுவீர்கள். அதற்கு முந்தைய புதன்கிழமையோ வியாழக்கிழமையோ, முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லாமல், அந்தத் தூக்கை எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டில் அதை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் இந்த முறை அதில் என்ன வைப்பது என்பதை மனைவியிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள். கேசரி போதும்.