இந்தக் காட்டில் அந்தப் பறவை இல்லை

வாசகர் கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினாறிலிருந்து இருபது வயதுக்குள் இருக்கும் சில பிள்ளைகளை விடுமுறை நாட்களில் காட்டுப் பக்கம் அழைத்துப் போகிறேன். பாதிப் பேர் படம் எடுப்பார்கள், பாதிப் பேர் இசை அமைப்பார்கள். கையில் இருப்பது ஃபோனும் ஒரு மடிக்கணினியும்தான். அண்மையில் ஒரு காணொளி செய்தார்கள். படங்கள் அவர்களே எடுத்தவை. இசைக்குச் சிந்தசைசர், அதன் மேல் இணையத்திலிருந்து இறக்கிய பறவைக் குரல்கள். பார்த்த பெரியவர் ஒருவர், "இந்தப் பறவை இந்தக் காட்டில் கிடையாதே" என்றார். பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. "கலைக்கு எதுக்கு சார் இந்தக் கணக்கெல்லாம்?" என்று ஒரு பையன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அவர்களாகப் பதிவு செய்தால் விமானச் சத்தம் நுழைந்துவிடுகிறது. அதை வெட்டுவதா வைப்பதா என்று இன்னொரு சண்டை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

பெயர் வேண்டாம்,
உங்கள் வாசகர்

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

பெரியவர் சொன்னது சரிதான். முதல் முயற்சியைக் காட்டும் பிள்ளைகளிடம் "நன்றாக இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அப்புறம் அதைச் சொல்லியிருக்கலாம். போகட்டும்.

இதைப் பெரிய ஸ்டூடியோக்களே செய்திருக்கின்றன என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஆப்பிரிக்கக் காட்டில் நடப்பதாக எடுத்த பழைய ஹாலிவுட் படங்களில், குரங்குக் கூட்டம் கெக்கலி கொட்டுவது போல ஒரு சத்தம் வரும். அது குக்கபரா, ஆஸ்திரேலியாவின் மீன்கொத்தி. திரையில் வெண்தலைக் கழுகு வாய் திறந்தால் நாம் கேட்பது பெரும்பாலும் செவ்வால் பருந்தின் குரல். கழுகின் சொந்தக் குரல் மெலிந்த கீச்சுக்குரல், அதில் கம்பீரம் போதவில்லை. அதனால் மாற்றிவிட்டார்கள்.

சரி, கேட்க நன்றாக இருந்தால் என்ன குறை என்பதுதானே அந்தப் பையனின் கேள்வி? அவனுக்கு பெர்னி க்ராஸ் என்ற அமெரிக்கரின் கதையைச் சொல்லலாம். அவரும் சிந்தசைசர்காரர்தான். 1968இல், முப்பதை எட்டும் வயதில், ஓர் இசைத்தட்டுக்குக் காட்டு ஓசை தேவைப்பட்டு, சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு அருகில் உள்ள ம்யூர் உட்ஸ் காட்டுக்குள் ஒலிப்பதிவுக் கருவியோடு போனார். அதன்பின் வாழ்க்கையே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 1988இல் கலிஃபோர்னியாவின் சியர்ரா நெவாடா மலையில், லிங்கன் மெடோ என்ற இடத்தின் விடியற்காலை ஓசையைப் பதிவு செய்தார். அங்கே ஒரு நிறுவனம் மரம் வெட்டப்போகிறது. ஆங்காங்கே தேர்ந்தெடுத்துத்தான் வெட்டுவோம், காட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருந்தது. வெட்டி முடித்த மறு ஆண்டு, அதே பருவத்தில் அதே இடத்தில் மறுபடி பதிவு செய்தார். கேமரா வழியே பார்த்தால் காடு போன வருஷம் இருந்தபடியே இருந்தது. ஒலிநாடாவிலோ ஓடைச் சத்தமும் ஒரு மரங்கொத்தியின் தட்டலும் கேட்டன, மற்றபடி சொல்லும்படி எதுவும் இல்லை. 25 ஆண்டுகளில் பதினைந்து முறை போய்ப் பார்த்தும் பழைய ஓசை திரும்பவில்லை என்று 2013இல் ஓர் உரையில் சொன்னார்.

அந்தப் புகைப்படத்தின் மேல் வேறெங்கோ பிடித்த பறவைக் குரல்களை ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அருமையான காணொளி ஒன்று கிடைத்திருக்கும். காடு ஊமையான சேதி யாருக்கும் தெரிந்திருக்காது. பையன் கேட்ட கணக்கு இங்கேதான் வருகிறது. படம் மறைப்பதை ஓசை சொல்லிவிடும், ஓசையில் வராத பாசியும் காளானும் பட்டுப்போன கிளையும் படத்தில் இருக்கும். இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் எடுத்தால்தான் ஒன்று மற்றதற்குச் சாட்சி சொல்ல முடியும்.

இதற்கு எனக்குப் பிடித்த முன்மாதிரி, கபிலர் பாடிய அகநானூற்று 82ஆம் பாட்டு. வண்டு துளைத்த மூங்கிலில் மேல்காற்று புகுந்து குழலாகிறது. அருவி முழவாகிறது. கலைமான்களின் கரகரத்த குரல் தூம்பு என்ற ஊதுகருவி, பூக்களில் வண்டு யாழ். இவ்வளவும் கேட்ட பிறகுதான் மயில் கண்ணில் படுகிறது, ஆடல்மகளான விறலி மேடையேறியது போல. மந்திகள் சபையாக உட்கார்ந்து மருண்டு பார்க்கின்றன. 'நம்மவர் அன்றே சொல்லிவிட்டார்கள்' என்று மார்தட்ட இதை எடுக்கவில்லை. ஒவ்வொரு ஓசையும் எங்கிருந்து வருகிறது என்று அந்தக் காது பிரித்துக் கேட்டிருக்கிறது, அதற்காகத்தான். அங்கே எல்லாம் ஒரே மலைச்சாரலின் சரக்கு.

அப்படியானால் உள்ளதை உள்ளபடி நகலெடுக்க வேண்டுமா என்று பிள்ளைகள் பயப்பட வேண்டாம். ஃபிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெஸ்ஸியான் நோட்டுப்புத்தகத்தோடு காட்டுக்கும் வயலுக்கும் போய்ப் பறவைப் பாட்டை ஸ்வரப்படுத்தியவர். பறவையின் வேகமும் உச்ச சுருதியும் நம் வாத்தியங்களுக்கு எட்டாது என்பதால், பாட்டை மெதுவாக்கி, சுருதியைக் கீழே இறக்கி எழுதினார். 1956 முதல் 1958 வரை பியானோவுக்கு எழுதிய 13 துண்டுகள் அப்படி வந்தவை. ஒவ்வொன்றிலும் பறவையோடு அது வாழும் இடமும் பொழுதும் சேர்ந்திருக்கும். எவ்வளவு மாற்றினாலும், மாற்றுவதற்கு முன் அவர் கேட்டிருந்தார்.

மெதுவாக்குவது காட்டுக்கு ஒத்துப்போகிற காரியமும்கூட. இலைகள் உச்ச சுருதியைச் சிதறடிக்கின்றன. அடிமரங்களில் பட்டுத் திரும்பும் எதிரொலி, வேகமான ஸ்வரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குழப்பிவிடுகிறது. பட்டாணிக் குருவிகளை வைத்து 1979இல் வெளியான ஓர் ஆய்வில், அடர்காட்டில் வாழ்பவை தாழ்ந்த சுருதியில், குறைந்த ஸ்வரங்களோடு பாடுவதாகவும், மரங்கள் விலகி நிற்கும் இடத்தில் வாழ்பவை உயர்ந்த சுருதியில், கூடுதல் ஸ்வரங்களோடு பாடுவதாகவும் கண்டார்கள். பறவை பாடும் விதத்தில் காட்டுக்கும் பங்கு உண்டு. உங்கள் இசைக்காரப் பிள்ளைகள் தங்கள் மெட்டை ஒரு சின்ன ஸ்பீக்கரில் மரங்களுக்கு நடுவே ஒலிக்கவிட்டு, பத்தடி தள்ளி, ஐம்பதடி தள்ளி என்று நின்று கேட்டுப் பார்க்கட்டும். எது கரைந்து போகிறது, எது நிற்கிறது என்று அவர்களுக்கே தெரியும். மெட்டு மட்டும்தான், பறவைக் குரல் கூடாது. தன் எல்லைக்குள் புதிய ஆள் வந்துவிட்டான் என்று அங்குள்ள பறவை கூட்டை விட்டுச் சண்டைக்குப் புறப்படும். படத்துக்காகப் பறவையை இப்படி வரவழைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. இனப்பெருக்கக் காலத்தில் அது பறவைக்குக் கேடும்கூட.

ஃபோன் போதுமா என்றால், போதும். ஒரு சிக்கல் உண்டு. ஃபோனின் ஒலிப்பதிவுச் செயலிகள் பல, மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. விடாமல் ஒலிக்கும் எதையும் அவை இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடும். சில்வண்டுதான் முதல் பலி. இரைச்சல் நீக்கத்தையும், ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைப்பதையும் அணைக்க வழியுள்ள செயலியாகப் பார்த்து, வேவ் கோப்பாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மைக் ஓட்டைக்குக் காற்று நேராக அடிக்காமல் பஞ்சோ ரோமத்துணியோ சுற்ற வேண்டும். பதிவின் தொடக்கத்தில் இடம், தேதி, நேரத்தை வாயால் சொல்லிவிட்டு, ஃபோனை அங்கேயே வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விட வேண்டும். பக்கத்தில் நின்றால் மூச்சும் சட்டை உரசுவதும்தான் பதிவாகும்.

படக்காரர்களுக்கு: நல்ல வெயில் காட்டுக்குள் எதிரி. திட்டுத் திட்டாக வெளிச்சம் விழுந்தால் ஒரு பக்கம் வெளுத்துவிடும், மறுபக்கம் கரிந்துவிடும். மேகமூட்டம், மழை விட்ட பொழுது, மூடுபனி இவற்றுக்குக் காத்திருக்கலாம். மூடுபனி பின்னால் உள்ள மரங்களை மங்கலாக்கி, முன்னால் நிற்பதைத் தனியாக எடுத்துத் தரும். ஃபோனில் வெளிச்சமான இடத்தை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டி, கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும். பச்சையை ஏற்றும் ஃபில்டர் வேண்டவே வேண்டாம். எல்லாக் காடும் ஒரே காடாகிவிடும்.

இணையக் குரல்கள் பற்றி ஒன்று. பறவைக் குரல்களைத் திரட்டி வைத்திருக்கும் சீனோ-கான்டோ போன்ற தளங்களில் ஒவ்வொரு பதிவுக்கும் தனி உரிமம் உண்டு. மாற்றக் கூடாது என்ற நிபந்தனை சிலவற்றுக்கு இருக்கும். இசையோடு கலப்பதும் மாற்றம்தான். பதிந்தவர் பெயரைப் போடுவது குறைந்தபட்ச மரியாதை.

கடைசியாக விமானச் சண்டை. மூலப் பதிவில் கை வைக்க வேண்டாம், பிரதியில் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் வெட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. க்ராஸ் கலிஃபோர்னியாவின் மோனோ ஏரிப் பக்கம் தேரைகளின் கூட்டுக் குரலைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, ஒரு ஜெட் விமானம் தாழப் பறந்து போனது. தேரைகளின் தாளம் கலைந்துவிட்டது. மறுபடி ஒன்றுசேர முக்கால் மணி நேரம் ஆனது. அந்த இடைவெளியில் இரண்டு ஓநாய் இன விலங்குகளும் ஒரு பெரிய ஆந்தையும் வந்து சில தேரைகளைப் பிடித்துப் போயின. எல்லாம் ஒரே குரலாக ஒலித்தவரை எந்தத் தேரை எங்கே இருக்கிறது என்று வேட்டைக்கு வந்தவற்றுக்குப் பிடிபடவில்லை.

ஆகவே சண்டை போடும் இரண்டு பேரையும் உட்காரவைத்து, விமானம் கடந்த பின் வரும் ஐந்து நிமிடங்களை ஹெட்ஃபோனில் கேட்கச் சொல்லுங்கள். யார் நின்றார்கள், யார் திரும்ப ஆரம்பித்தார்கள் என்று குறித்து எனக்கும் எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்